பெருந்தொற்றுக் கால வாழ்வைப் பற்றி மாற்றுத்திறன் இளையோரிடம் கேட்கும்போது

மாற்றுத்திறன் கொண்ட இளையோர், அதாவது 12 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள், கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பதிவுசெய்ய உங்கள் குழு திட்டமிடுவதாகவும், அதில் மூன்று ஐயங்கள் எழுந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டால் போதாதா என்பது முதல் ஐயம். பேச்சு வராதவர்களிடமும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடமும் எப்படிக் கேட்பது என்பது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாளன்றே அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்ட பிறகு இப்போது கேட்டு என்ன பயன் என்பது மூன்றாவது.

முதல் ஐயத்துக்கு விடை: போதாது. பெற்றோர் உண்மையை மறைப்பார்கள் என்பது அதற்குக் காரணமன்று. அவர்கள் சொல்வது அவர்கள் பட்ட பாடு. பிள்ளை பட்டது வேறாக இருக்கலாம். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் பெருமூளை வாதம் உள்ள 8 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்ட 'ஸ்பார்க்கிள்' ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. தாமே விடையளிக்க முடிந்த 500 குழந்தைகள் தங்கள் வாழ்க்கைத் தரத்தைப் பற்றிச் சொன்னவை, பெரும்பாலான கூறுகளில், அதே வயதுடைய மற்றக் குழந்தைகள் சொல்வதை ஒத்தே இருந்தன. பெற்றோரைக் கேட்டபோதோ பல கூறுகளில் மதிப்பீடு குறைவாக வந்தது. வளர்ப்புச் சுமையால் மன அழுத்தம் மிகுந்திருந்த பெற்றோர் தம் பிள்ளையின் வாழ்வை இன்னும் தாழ்வாக மதிப்பிட்டனர். இதைப் பெருந்தொற்றுக் காலத்தோடு பொருத்திப் பாருங்கள். பள்ளி மூடப்பட்டு, தெரபி நின்று, உதவியாளர் வராமல் போய், வருமானமும் குறைந்த ஒரு வீட்டில் பெற்றோரின் மன அழுத்தம் எந்த அளவில் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையில் அவர்கள் பார்த்த பிள்ளையும், அதே வீட்டின் இன்னொரு மூலையில் தன் நாளைத் தானே வாழ்ந்துகொண்டிருந்த பிள்ளையும் ஒரே ஆள் அல்லர். பெற்றோரின் அனுபவமும் பதிவாக வேண்டியதுதான். அதைத் தனியாக, அவர்கள் பெயரிலேயே, இன்னொரு பதிவாகச் செய்யுங்கள். பிள்ளையின் வாக்குமூலத்துக்கு மாற்றாக வைக்க வேண்டாம்.

இளையோரின் கருத்தைக் கேட்பது உங்கள் குழுவின் பெருந்தன்மையும் அன்று. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமை உடையவர்கள் என்பதோடு, அந்த உரிமையைப் பயன்படுத்த அவர்களுடைய குறைபாட்டுக்கும் வயதுக்கும் ஏற்ற உதவியைப் பெறவும் உரிமை உடையவர்கள் என்கிறது. இதில் பின்பகுதிதான் நடைமுறையில் மறக்கப்படுகிறது. கூட்டத்துக்கு அழைத்துவிட்டோம், அவர் எதுவும் பேசவில்லை என்று குறித்துக்கொள்பவர்கள், பேசுவதற்கான ஏற்பாட்டைச் செய்து தருவது அழைத்தவரின் கடமை என்பதைப் படிக்காமல் விட்டவர்கள். அதே உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு பேரிடர் காலங்களில் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்பை அரசுகளின் கடமையாக்குகிறது. உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள் மாற்றுத்திறன் கொண்டவர்கள் என்பது யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு. அடுத்த பேரிடருக்கான திட்டத்தை இவர்களைக் கேட்காமல் எழுதுவது, இந்த இரண்டு பிரிவுகளையும் ஒருசேர மீறுவதாகும்.

இனி, அவர்கள் சொல்லக்கூடியது எந்த வகையில் வேறுபடும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் கேட்பவருக்கு இந்த அறிவு இல்லையென்றால், விடை வந்தாலும் அது விடை என்று தெரியாமலே கடந்துவிடுவார்.

2020இல் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. பொதுவாக இதைப் படிப்பு இழப்பு என்றே பேசுகிறோம். செவித்திறன் இல்லாத ஒரு சிறுமிக்கு இழப்பு அங்கே தொடங்கவில்லை. செவித்திறன் இல்லாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோரில் பலருக்குச் சைகை மொழி தெரியாது, அல்லது சாப்பிடு, தூங்கு, வா, போ என்ற அளவுக்கே தெரியும். ஆகவே அவளுக்குப் பள்ளி என்பது மொழி இருக்கும் இடம். வகுப்பறையிலும் விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் எல்லாரோடும் எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தவள், ஒரே நாளில், தன் மொழியில் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச ஆளில்லாத வீட்டுக்குள் பல மாதங்கள் அடைபட்டாள். வீட்டில் எல்லாரும் நாளெல்லாம் நோயைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், வாக்குவாதம் செய்தார்கள். என்னவென்று கேட்டால் பிறகு சொல்கிறோம் என்றார்கள். வெளியில் சென்றால் முகக்கவசம் உதடுகளை மறைத்தது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியும் போயிற்று. இணைய வகுப்பிலும் அதே தொல்லை: பல காணொளிச் செயலிகள் குரல் எழுப்புபவரின் படத்தையே பெரிதாக்கிக் காட்டும், சைகையில் பேசுபவர் குரல் எழுப்புவதில்லை என்பதால் திரையில் சிறு கட்டமாகவே ஒதுங்கிப்போவார், யாராவது அவர் படத்தை நிலைநிறுத்தினால் ஒழிய. அவளிடம் போய், இணைய வகுப்பு உனக்குப் பயன்பட்டதா என்று ஐந்து கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நடந்த எதுவும் அந்தக் கட்டங்களுக்குள் வராது. அந்த நாட்களில் யாரோடு பேசினாய், எதைப் பற்றிப் பேசினாய், உனக்கு யார் செய்தி சொன்னார்கள் என்று கேட்டால் வரும்.

செய்தி யார் சொன்னார்கள் என்பது சிறிய கேள்வி அன்று. இங்கிலாந்தில் பெருந்தொற்று பற்றிய அரசு விளக்கக் கூட்டங்கள் இரண்டில் திரையில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விட்டது சட்டத்துக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது; வழக்குத் தொடுத்தவர் செவித்திறன் இல்லாத ஒரு பெண். பணமும் அதிகாரமும் மிகுந்த ஓர் அரசிடமே, நீதிமன்றம் ஏறித்தான் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு இழப்பு உடம்பிலேயே எழுதப்பட்டது. வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்கு இறுக்கமான தசைகள் ஈடுகொடுப்பதில்லை. பிசியோதெரபியும் தசைகளை நீட்டும் பயிற்சிகளும் நின்றால் மூட்டுகள் மடங்கியபடியே இறுகும், இழந்த நீட்சியைப் பின்னால் முழுவதும் மீட்க முடியாமல் போகலாம். 13 வயதில் அளவெடுத்துச் செய்த சக்கர நாற்காலியும் கால்தாங்கியும் 15 வயது உடம்புக்குப் பொருந்தா. பொருந்தாத நாற்காலி முதுகெலும்பை வளைக்கும், அழுத்தப் புண்ணை உண்டாக்கும். அவசரமில்லாதவை என்று ஒத்திவைக்கப்பட்ட சிகிச்சைகளில் இவையெல்லாம் அடங்கும். யாருக்கு அவசரமில்லை என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வியை இந்த இளையோரிடம் வைத்துப் பாருங்கள். தங்கள் மூட்டுகளின் கோணத்தைக் கொண்டே விடை சொல்வார்கள்.

வெளியாள் ஒருவர் செய்துவந்த உடல் பராமரிப்பு, அவர் வருவது நின்றதும் தாயிடமோ தந்தையிடமோ உடன்பிறந்தாரிடமோ வந்து சேர்ந்தது. 16 வயதில் குளிப்பாட்டவும் மாதவிடாய்த் துணி மாற்றவும் தந்தையின் உதவியை நாட வேண்டியிருந்த ஒரு பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை அவளைத் தவிர யாரும் சொல்ல முடியாது. வீட்டார் எதிரில் அவளும் சொல்ல மாட்டாள். பார்வையற்ற ஒருவருக்கோ, ஆறடி தள்ளி நில்லுங்கள் என்ற விதியே வெளியுலகை மூடியது. அவர் கடையில் பொருளைத் தொட்டுத்தான் அறிவார். தெருவைக் கடக்க ஒருவரின் முழங்கையைப் பிடித்துத்தான் நடப்பார்.

இதற்கு நேர்மாறாகச் சொல்பவர்களும் இருப்பார்கள், அவர்களையும் கேட்க நீங்கள் அணியமாக இருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கும், பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் ஆளானவர்களுக்கும், நாள்தோறும் படிக்கட்டு ஏறமுடியாமல் அவமானப்பட்டவர்களுக்கும் அந்த மாதங்கள் நிம்மதியாக இருந்திருக்கின்றன. முன்பெல்லாம் முடியவே முடியாது என்று மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து படிப்பு, வீட்டிலிருந்து தேர்வு, வீட்டிலிருந்து வேலை எல்லாம், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதும் சில வாரங்களில் முடிந்துவிட்டதைக் கண்டு கோபம் கொண்டவர்கள் உண்டு. உலகம் இயல்புக்குத் திரும்பியபோது அந்த வசதி மீண்டும் பறிக்கப்பட்டது அவர்களுக்கு இரண்டாவது அடி. உங்கள் வினாப்பட்டியல் இன்னல்களை மட்டுமே தேடினால் இந்தச் செய்தி உங்களுக்குக் கிடைக்காது. என் பார்வையில், இந்தப் பணியிலிருந்து கிடைக்கக்கூடிய மிகப் பயனுள்ள செய்திகளில் இது ஒன்று. ஏனெனில் இது பெருந்தொற்றைவிடவும், அதற்கு முந்தைய நாட்களைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

இன்னொன்றையும் அவர்கள் கேட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். ஏற்கெனவே உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து, மற்றவர்கள் அஞ்ச வேண்டாம் என்று தொலைக்காட்சி சொன்னதை, அந்த ஏற்கெனவே என்பதற்குள் இருந்த 14 வயதுப் பிள்ளையும் கேட்டான். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2020 மார்ச் 20இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவமனையில் சேரும் வயது வந்த ஒவ்வொருவரையும் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் தளர்வு அளவுகோலால் மதிப்பிட்டு, அதையும் வைத்துத் தீவிர சிகிச்சை பற்றி முடிவெடுக்கச் சொன்னது. அன்றாட வேலைகளுக்கு மற்றவர் உதவி எவ்வளவு தேவை என்பதே அந்த அளவுகோலின் முக்கிய அடிப்படை. பிறவியிலிருந்தே உதவியோடு நலமாக வாழும் 20 வயது இளைஞரும் அதன்படி தளர்ந்தவர் ஆகிவிடுவார். மாற்றுத்திறனாளி அமைப்புகளும் குடும்பங்களும் எதிர்த்த பிறகு, ஐந்தே நாளில், 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் நிலையான நெடுங்காலக் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று திருத்தினார்கள். அதே நாட்டில் நாளுக்கு ஒருமுறை மட்டும் உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம் என்றிருந்த விதியும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் சட்ட நடவடிக்கைக்கு முற்பட்ட பிறகு ஏப்ரல் 8இல் தளர்த்தப்பட்டது. முன்பே கேட்டிருந்தால் இந்தத் திருத்தங்களுக்குத் தேவையே இருந்திராது. உன் உயிரைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அப்போது உனக்குத் தோன்றியது என்ற கேள்வியை மென்மையாகவேனும் கேளுங்கள். பெரியவர்கள் தவிர்க்கும் கேள்வி இது; அந்தப் பிள்ளைகள் தவிர்க்க முடியாமல் சுமந்த கேள்வி.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். பேச்சு வராதவர் கருத்து இல்லாதவர் அல்லர். அவர் படப்பலகையாலோ, சைகையாலோ, கண்பார்வையால் இயங்கும் கருவியாலோ, முகக்குறிப்பாலோ தொடர்புகொள்வார்; அந்த முறையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்கள். அதனால் பதிவுக்கு முன்பாக ஓரிரு முறை, எதையும் கேட்காமல், சும்மா சென்று பழகுங்கள். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் அவர் என்ன செய்வார் என்று தெரிந்தபின் தொடங்குங்கள். கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், ஏனெனில் கருவியில் ஒரு வாக்கியத்தை அமைக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் நீங்களே வாக்கியத்தை முடித்துவைத்தால் அது உங்கள் வாக்கியம். பிடித்தது, பிடிக்காதது, இரண்டும் இல்லை என்று பலகையை மூன்றாகப் பிரித்து, வீடு, நண்பர்கள், மருத்துவமனை, தடுப்பூசி, முகக்கவசம், பள்ளி என்று படங்களை ஒவ்வொன்றாகத் தந்து, உரிய இடத்தில் வைக்கச் சொல்வது எளிய, நன்கு சோதிக்கப்பட்ட வழி. விரும்பினால் அவர்களே தங்கள் கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டி அந்த நாட்களைச் சொல்லட்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளைத் தவிர்ப்பது நல்லது. வாழ்நாள் முழுதும் பெரியவர்களுக்கு இணங்கியே பழகியவர்கள், புரியாத கேள்விக்கும் ஆம் என்றே தலையாட்டுவார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஊரடங்கு கடினமாக இருந்ததா என்று கேட்டு ஆம் பெற்று, அன்று மாலையே ஊரடங்கு நன்றாக இருந்ததா என்று கேட்டும் ஆம் பெறலாம். யார் வீட்டில் இருந்தார்கள், எங்கே தூங்கினாய், முதலில் வெளியே போனபோது எங்கே போனாய் என்பன போன்ற, நிகழ்வைத் தொட்ட கேள்விகள் நம்பத்தக்கவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. உதவியாளர் ஒருவர் இளையவரின் கையையோ தோளையோ பிடித்து எழுத்துப் பலகையில் வழிநடத்தும் முறையில் வரும் வாக்கியங்களை அவருடைய வாக்குமூலமாகப் பதிவு செய்யாதீர்கள். கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் அந்த வாக்கியங்கள் உதவியாளருடையவை என்றே மீண்டும் மீண்டும் தெரியவந்தது. உதவியாளரின் எண்ணமும் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனாலும் அது பிள்ளையின் வாயில் பிறர் சொல்லை வைப்பதே. சில பிள்ளைகளிடமிருந்து உறுதியாக அறிய முடிவது, எதைக் கண்டு முகம் மலர்கிறது, எதைக் கண்டு திரும்பிக்கொள்கிறார்கள் என்பது மட்டுமாக இருக்கலாம். அதை அவ்வளவாகவே எழுதுங்கள்.

பிறர் கேட்காதபடி தனியாகப் பேச இடம் தருவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 2012இல் வெளியான தொகுப்பாய்வின்படி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3 மடங்குக்கும் மேல். ஊரடங்கில் கதவுகள் மூடியிருந்தன. பார்த்துக் கேட்கும் ஆசிரியரும் இல்லை. ஆகவே உங்கள் உரையாடலில் இது வெளிவரக்கூடும். வந்தால் யாரிடம் எடுத்துச் செல்வது, எந்தெந்தச் செய்தியை இரகசியமாக வைக்க முடியாது என்பதை முன்பே முடிவுசெய்து, தொடங்கும்போதே இளையவரிடம் எளிய சொற்களில் சொல்லிவிடுங்கள். சம்மதக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்திட்டது மட்டும் போதாது. பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும், நடுவில் போதும் என்று நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். நிறுத்து என்ற சிவப்பு அட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதைக் காட்டியதும் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள். சைகை மொழிபெயர்ப்பாளராகக் குடும்பத்தாரை வைக்காதீர்கள். காணொளியில் பேசுவதாயின், அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தட்டச்சில் விடையளிக்கவும் இடம் கொடுங்கள்.

மூன்றாவது ஐயம் காலத்தைப் பற்றியது. 2020இல் 9 வயதாக இருந்தவர்கள் இப்போதுதான் அந்த நாட்களைத் தம் சொற்களில் சொல்லும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். அப்போது 17 ஆக இருந்தவர்கள், பள்ளியிலிருந்து வேலைக்கும் தனி வாழ்வுக்கும் கடக்க வேண்டிய பாலம் அறுந்ததன் விளைவை இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எனவே காலம் கடந்துவிடவில்லை. மாதம், ஆண்டு என்று கேட்டால் பலருக்குக் குழப்பம் வரும். வீட்டு விசேஷம், தம்பி பிறந்தது, புதிய வீட்டுக்குக் குடிபோனது, முதல் ஊசி போட்டுக்கொண்டது என்று நிகழ்வுகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். அந்த நாட்களில் இறந்தவர்களைப் பற்றியும் கேளுங்கள். தாத்தாவின் இறப்பு பல பிள்ளைகளிடம் புரியாது என்ற எண்ணத்தில் மறைக்கப்பட்டது. அவர் எங்கே என்று இன்னும் தேடுபவர்கள் இருக்கலாம். அதற்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த ஒருவர் உடனிருப்பது அவசியம்.

யாரைக் கேட்பது என்பதில் ஒரு சொல். கைபேசியும் நல்ல இணையமும் துணைநிற்கும் பெற்றோரும் உள்ளவர்களே உங்கள் அழைப்புக்கு முதலில் வருவார்கள். விடுதிகளிலும் காப்பகங்களிலும் வாழ்பவர்கள் வரமாட்டார்கள். அவர்கள்தான் மாதக்கணக்கில் பார்வையாளரே இல்லாமல் இருந்தவர்கள். அங்கே செல்ல அனுமதி பெறுவதற்கு ஆகும் காலத்தைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். உங்கள் குழுவிலேயே மாற்றுத்திறன் கொண்ட இளையோர் இருவரேனும், ஊதியத்தோடு, கேள்விகளை வகுக்கும் கட்டத்திலிருந்தே இருக்க வேண்டும்.

குழந்தைகளின் கருத்துரிமையை ஆராய்ந்த லாரா லண்டி 2007இல் நான்கு கூறுகளைச் சொன்னார்: சொல்ல இடம், சொல்ல உதவி, கேட்க ஒரு செவி, சொன்னதன் விளைவு. முதல் மூன்றையும் உங்களால் செய்ய முடியும். நான்காவதற்கு, கேட்கத் தொடங்கும் முன்பே, பள்ளி நிர்வாகம், சுகாதாரத் துறை, பேரிடர் மேலாண்மை அமைப்பு ஆகியவற்றில் ஒன்றிலாவது, இன்ன நாளுக்குள் எழுத்தில் பதிலளிப்பேன் என்று ஒப்புக்கொள்ளும் ஓர் அதிகாரியைக் கண்டுபிடியுங்கள். அவர் எதை ஏற்றார், எதை மறுத்தார், மறுத்ததற்குக் காரணம் என்ன என்பதைப் பிரெய்லிலும், சைகை மொழிக் காணொளியிலும், படங்களோடு கூடிய எளிய வாசகத்திலும், திரைவாசிப்பானில் படிக்கத்தக்க கோப்பாகவும் ஆக்கி, பேசிய ஒவ்வொருவருக்கும் திரும்பக் கொண்டுசேர்க்கும் செலவையும் முதல் வரவுசெலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.